முழுத் தொகையும் கட்டுகிற நகராட்சிக்கு பென்ஷன் கடன் ஏன் ஏறிக்கொண்டே போகிறது?

இளவேனில்:

வணக்கம். கலிஃபோர்னிய அரசு, உள்ளாட்சி ஊழியர்களின் பென்ஷன் நிதியான கால்பெர்ஸில் சேர்ந்துள்ள ஒரு நடுத்தர நகராட்சியின் கணக்கைப் படித்துக்கொண்டிருக்கிறேன். அடுத்த மாதம் நகர மன்றத்தில் பொதுக் கருத்துக் கேட்பு இருக்கிறது. எண்களை முழுமையாக்கித் தருகிறேன்.

பென்ஷன் பொறுப்பு 600 மில்லியன் டாலர். அதற்கு எதிரே இருக்கும் சொத்து 390 மில்லியன். பற்றாக்குறை 210 மில்லியன், அதாவது கையிருப்பு 65 விழுக்காடுதான். ஓய்வு பெற்றவர்களின் மருத்துவக் காப்பீட்டுக்குத் தனியாக 90 மில்லியன் பொறுப்பு. அதற்கென்று ஒரு டாலர்கூட ஒதுக்கவில்லை. அந்தந்த ஆண்டு வரும் பிரீமியத்தை அப்படியே கட்டிவிடுகிறார்கள்.

கால்பெர்ஸ் கேட்ட தொகையை ஒரு வருடம்கூடக் குறைக்காமல் கட்டியிருக்கிறார்கள். பிறகும் பற்றாக்குறை ஏறுவது ஏன்? ஆலோசகர் இரண்டு யோசனை சொல்லியிருக்கிறார். ஒன்று, 150 மில்லியனுக்கு பென்ஷன் பத்திரம் வெளியிட்டு, அதாவது சந்தையில் கடன் வாங்கி, அந்தப் பணத்தை கால்பெர்ஸில் போடுவது. மற்றொன்று, 65 வயதைத் தாண்டியவர்களை மெடிகேர் அட்வாண்டேஜ் திட்டத்துக்கு (மூத்தோருக்கான அரசு மருத்துவக் காப்பீடான மெடிகேரை தனியார் நிறுவனம் வழியாகத் தருவது) மாற்றுவது. இரண்டையும் எப்படி எடைபோடுவது? துறை தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.

---

பேரேடு:

முதல் கேள்வியை மட்டும் விரிவாக எடுத்துக்கொள்கிறேன். அது தெளிந்தால்தான் மற்ற இரண்டும் பிடிபடும்.

கால்பெர்ஸ் பில்லில் இரண்டு பகுதி. ஒன்று நார்மல் காஸ்ட்: இப்போது வேலையில் இருப்பவர்கள் இந்த ஒரு வருட உழைப்பால் சம்பாதிக்கும் பென்ஷனின் விலை. இது சம்பளத்தில் இத்தனை விழுக்காடு என்று வரும். இன்னொன்று யு.ஏ.எல். தவணை, பழைய பற்றாக்குறையை அடைக்க. 2017-18 நிதியாண்டிலிருந்து இது டாலர் தொகையாகவே வருகிறது. ஆட்களைக் குறைத்தாலும் சரி, காவல்துறையைக் கலைத்து கவுண்டி ஷெரீஃபிடம் ஒப்படைத்தாலும் சரி, இந்தப் பகுதி இறங்காது. பட்ஜெட் விவாதங்களில் பலரும் தடுக்கி விழுகிற இடம் இது.

"கேட்டதைக் கட்டினோம்" என்றால் "வட்டியைக் கட்டினோம்" என்று அர்த்தமில்லை. பழைய பாணித் தவணை ஒன்றைப் பாருங்கள். 100 மில்லியன் கடன், 7 விழுக்காடு வட்டி, 30 வருடம், தவணை ஆண்டுக்கு 3 விழுக்காடு ஏறும். முதல் வருடத் தவணை 5.87 மில்லியன். முதல் வருட வட்டி 7 மில்லியன். ஒழுங்காகக் கட்டிய பிறகும் கடன் 101.13 ஆகிவிடுகிறது. எட்டாம் வருடம் 105.5 வரை ஏறி, பதினைந்தாம் வருடக் கடைசியில்தான் மறுபடி 100-க்குக் கீழே வருகிறது. அதே கடனை ஏறாத தவணையில் 20 வருடத்துக்குப் பிரித்தால் ஆண்டுக்கு 9.44 மில்லியன், முதல் வருடமே அசல் குறையும்.

கால்பெர்ஸ் 2019 ஜூன் 30 மதிப்பீட்டிலிருந்து புதிய பற்றாக்குறைகளுக்கு 20 வருடம், ஏறாத டாலர் தவணை என்று மாற்றிவிட்டது. முதலீட்டு லாப நஷ்டத்துக்கு மட்டும் ஐந்து வருடப் படிக்கட்டு உண்டு, அதாவது தவணை ஐந்து வருடத்தில் படிப்படியாக முழு அளவுக்கு ஏறும். ஆனால் அதற்கு முந்தையவை பழைய அட்டவணையிலேயே ஓடுகின்றன. உங்கள் நகராட்சியின் மதிப்பீட்டு அறிக்கையில் தவணை அடுக்குகளின் அட்டவணை என்று ஒரு பக்கம் இருக்கும். ஒவ்வொரு வரியும் ஒரு கடன்: எந்த வருடம் உருவானது, படிக்கட்டில் எந்தப் படி, இன்னும் எத்தனை வருடம், பாக்கி எவ்வளவு, தவணை எவ்வளவு. பாக்கியை 0.068-ஆல் (கால்பெர்ஸ் கணக்கிடும் 6.8 விழுக்காடு வட்டி) பெருக்குங்கள். தவணை அதைவிடக் குறைவாக உள்ள வரிகளைச் சிவப்பில் வட்டமிடுங்கள். கடன் ஏறுவது அந்த வரிகளில்தான்.

2022-இல் உருவான வரியைக் கட்டாயம் பாருங்கள். 2021-22-இல் கால்பெர்ஸ் முதலில் அறிவித்த நஷ்டம் 6.1 விழுக்காடு. எதிர்பார்த்தது 6.8 லாபம். ஆக இடைவெளி 12.9 புள்ளி. சொத்து 390 மில்லியன் என்றே வைத்துக்கொண்டால் ஒரே வருடத்தில் 50 மில்லியன் பள்ளம். ஆனால் 2022 ஜூன் மதிப்பீட்டுக்கான தவணை 2024-25-இல்தான் தொடங்கியது. அந்த இரண்டு வருடத்தில் வட்டி சேர்ந்து 50 என்பது 57 ஆகிறது. முதல் வருடம் முழுத் தவணையில் ஐந்தில் ஒரு பங்கு மட்டும்: 1.27 மில்லியன். அந்த வருட வட்டியோ 3.9 மில்லியன். முழுத் தவணையான 6.3 மில்லியன் வருவது 2028-29-இல். பில் அடுத்தடுத்து ஏறப்போவது இப்போதே எழுதி வைத்தாகிவிட்டது. யாரும் அதை எதிர்பாராத செலவு என்று சொல்ல விடாதீர்கள்.

அதற்கு முந்தைய வருடம் 21.3 விழுக்காடு லாபம் வந்ததே என்பார்கள். வந்தது உண்மை. ஆனால் கால்பெர்ஸின் சொந்த விதிப்படி அந்த லாபத்தாலேயே தள்ளுபடி வீதம் (வருங்கால பென்ஷனை இன்றைய மதிப்புக்கு மாற்றும் வட்டி வீதம்) 7-லிருந்து 6.8-க்கு இறங்கியது. லாபத்தில் ஒரு பங்கு அதற்கே போயிற்று. வீதம் குறைந்தால் பொறுப்பு ஏறும்: அரைப் புள்ளிக்கு ஏறக்குறைய 6 விழுக்காடு. 600 மில்லியன் 636 ஆகும், சொத்து அசையாது, பற்றாக்குறை 210-லிருந்து 246-க்குத் தாவும். பொறுப்பு 6 விழுக்காடு ஏற, கடன் 17 விழுக்காடு ஏறுகிறது. கையிருப்பு குறைந்த ஊரில் சின்ன அசைவும் பெரிதாக அடிப்பது இதனால்தான்.

---

செங்கோடன்:

பேரேடு ஐயா எழுதியதற்குத் தொடர்ச்சியாக பத்திரத்தைப் பற்றி.

ஆலோசகரின் கணக்கு இப்படித்தான் இருக்கும். பத்திரத்துக்கு 5.5 விழுக்காடு வட்டி என்று வையுங்கள். 150 மில்லியனுக்கு 20 வருடத் தவணை ஆண்டுக்கு 12.55 மில்லியன். அதே தொகை கால்பெர்ஸ் கடனாக 6.8-இல் இருந்தால் 13.94 மில்லியன். ஆண்டுக்கு 1.39 மில்லியன் மிச்சம் என்று ஒரு ஸ்லைடு காட்டுவார்கள்.

அந்த மிச்சத்துக்கு ஒரு நிபந்தனை இருக்கிறது: போட்ட பணம் 20 வருடமும் சராசரியாக 6.8 ஈட்ட வேண்டும். பணம் உள்ளே போன முதல் வருடமே 6 விழுக்காடு நஷ்டம் என்றால் 12.8 புள்ளி இடைவெளி, 19.2 மில்லியன் புதிய பள்ளம். அதற்குத் தவணை ஆண்டுக்கு 1.78 மில்லியன். ஒரே ஒரு கெட்ட வருடம் 20 வருட மிச்சத்தையும் விழுங்கி, மேலும் கேட்கிறது. பத்திரத் தவணையோ எது நடந்தாலும் ஓடும்.

இது வெறும் பயமுறுத்தல் அல்ல. கலிஃபோர்னியாவின் ஸ்டாக்டன் நகரம் 2007-இல் 125 மில்லியனுக்கு இந்தப் பத்திரம் போட்டு கால்பெர்ஸில் வைத்தது. அடுத்த வருடம் சந்தை சரிந்தது. 2012 ஜூனில் திவால் மனு. டெட்ராய்ட் 2005-06-இல் 1.44 பில்லியனுக்கு இதே வகைச் சான்றிதழ்களும் அவற்றோடு வட்டி மாற்று ஒப்பந்தங்களும் போட்டது. 2013 திவாலில் கழுத்தை நெரித்த கடன்களில் அதுவும் ஒன்று. அமெரிக்க அரசு நிதி அலுவலர்களின் சங்கமே நகராட்சிகள் இதை வெளியிட வேண்டாம் என்று சொல்கிறது. 1986 வரிச் சட்டத்துக்குப் பிறகு இந்தப் பத்திரத்துக்கு வரிவிலக்கும் இல்லை. அதனால் வட்டி வித்தியாசத்தில் உறுதியான லாபம் என்று எதுவும் கிடையாது. இருப்பது சந்தை மேல் கடன் வாங்கிக் கட்டும் பந்தயம் மட்டுமே.

சட்டப் பக்கத்தில் இன்னொன்று. கலிஃபோர்னிய அரசியல் சட்டப்படி ஒரு வருட வருவாயைத் தாண்டிய கடனுக்கு மூன்றில் இரண்டு பங்கு வாக்காளர் ஒப்புதல் தேவை. பென்ஷன் பத்திரம் அந்த வாக்கெடுப்பைச் சந்திப்பதில்லை. "இது சட்டம் ஏற்கெனவே சுமத்திய கடமை, புதுக் கடன் அல்ல" என்று நீதிமன்றத்தில் சரிபார்ப்பு வழக்குப் போட்டுத் தீர்ப்பு வாங்குவார்கள். சம்மன் செய்தித்தாள் விளம்பரமாக வரும். ஆட்சேபிக்க விரும்புகிறவர் அதில் குறித்த நாளுக்குள் பதில் தாக்கல் செய்ய வேண்டும். நாள் கடந்தால் பிறகு வழியில்லை. எனவே நகர மன்றம் தீர்மானம் போடும் கூட்டத்தையே கடைசி வாய்ப்பு என்று நினைத்துக்கொள்ளுங்கள்.

---

ஆழிமணி:

மருத்துவப் பக்கத்துக்கு வருகிறேன். பென்ஷனைப் போல இதை நினைக்கக் கூடாது. பென்ஷனை கலிஃபோர்னியச் சட்டம் இறுக்கிப் பிடிக்கிறது. மருத்துவம் ஒப்பந்த வாசகத்தைப் பொறுத்தது. 2011-இல் ஆரஞ்ச் கவுண்டி வழக்கில் மாநில உச்ச நீதிமன்றம், எழுதாத உறுதிமொழிகூட சில சூழலில் ஒப்பந்தமாகலாம் என்றது. ஆனால் அதை நிரூபிப்பது கடினம். இல்லினாயில் நிலைமை தலைகீழ்: 2014-இல் கனெர்வா வழக்கில், ஓய்வு பெற்றோர் மருத்துவச் சலுகையும் அரசியல் சட்டப் பாதுகாப்புக்குள் வரும் என்று தீர்ப்பு. வேறு மாநில உதாரணத்தை யாராவது தூக்கிவந்தால் முதலில் மாநிலத்தைக் கேளுங்கள்.

திவால்களில் அடி முதலில் விழுவது இங்கேதான். ஸ்டாக்டனில் பென்ஷன் தப்பியது. ஓய்வு பெற்றவர்களின் மருத்துவ உரிமை, ஏறக்குறைய 545 மில்லியன் டாலர் மதிப்புள்ளது, 5.1 மில்லியனுக்குத் தீர்க்கப்பட்டது. டாலருக்கு ஒரு சென்ட்தான். திவாலான மற்றொரு கலிஃபோர்னிய நகரமான வயேஹோவில் மாதம் 300 டாலர் உச்சவரம்பு வந்தது. அறுபது வயதில், மெடிகேர் கிடைக்க ஐந்து வருடம் இருக்கும்போது, அந்த வெட்டு விழுந்தவர்களை நினைத்துப் பாருங்கள். இதனால்தான் முன்கூட்டி ஒதுக்குவது ஓய்வு பெற்றவர்களுக்கே பாதுகாப்பு என்று நான் அழுத்திச் சொல்வேன்.

ஆலோசகர் யோசனைக்கு வருவோம். முதல் கேள்வி: நகராட்சி கால்பெர்ஸின் மருத்துவத் திட்டத்தில், அதாவது பெம்கா சட்டத்தின் கீழ் இருக்கிறதா? இருந்தால் மெடிகேர் திட்டங்களைத் தேர்ந்தெடுப்பது கால்பெர்ஸ், நகராட்சி அல்ல. தனியாக ஒரு அட்வாண்டேஜ் திட்டம் வாங்க வேண்டுமானால் பெம்காவை விட்டே வெளியேற வேண்டும், வேலையில் இருப்பவர்களையும் சேர்த்து. அந்தச் செலவு அறிக்கையில் இருக்கிறதா என்று பாருங்கள்.

பெம்காவில் இல்லையென்றால் கேட்க வேண்டியவை வேறு. வெளி மாநிலத்துக்குக் குடிபோனவர்களுக்கு மருத்துவமனை வலைப்பின்னல் உண்டா? எந்தெந்தச் சிகிச்சைக்கு முன் அனுமதி வேண்டும்? பாரம்பரிய மெடிகேரில் நீடிக்க விரும்புகிறவருக்கு வழி திறந்திருக்கிறதா? நியூயார்க் நகரம் 2021-இல் தொடங்கிய இந்த மாற்றம் வருடக்கணக்காக நீதிமன்றங்களில் சிக்கி, 2025-இல் நகரமே கைவிட்டது. பெரும் சிக்கல் அந்தக் கடைசிக் கேள்வியில்தான். மெடிகேரின் மருந்துப் பகுதியில் கைச்செலவுக்கு ஆண்டு உச்சவரம்பு ஒன்று 2025-இல் வந்தது, அந்த வருடம் 2,000 டாலர். அதற்கு முந்தைய விலைப்புள்ளியை வைத்து ஒப்பிட்டிருந்தால் தூக்கி எறியுங்கள்.

பலரும் கவனிக்காத ஒன்று: 1986 ஏப்ரல் 1-க்கு முன் வேலைக்குச் சேர்ந்த உள்ளாட்சி ஊழியர்கள் பலர் மெடிகேர் வரி கட்டவே இல்லை. அவர்களுக்கு இலவச பார்ட் ஏ (மெடிகேரின் மருத்துவமனைப் பகுதி) கிடைக்காமல் போகலாம். அப்படிப்பட்டவர் 70, 75 வயதிலும் முழுப் பிரீமியத் திட்டத்திலேயே இருப்பார். ஒவ்வொருவராகப் பாருங்கள். கணவரோ மனைவியோ 40 காலாண்டு வரி கட்டியிருந்தால் அந்தக் கணக்கில் பார்ட் ஏ கிடைக்கும். சமூகப் பாதுகாப்பு அலுவலகத்தில் ஒரு விண்ணப்பம்தான். யாருக்கும் எதையும் வெட்டாமல் செலவு குறையும் இடம் இது. அடுத்தது, தகுதி இழந்த சார்ந்தோர் (விவாகரத்தானவர், 26 வயது தாண்டிய பிள்ளை) பட்டியலில் இருக்கிறார்களா என்ற தணிக்கை.

90 மில்லியனில் மறைமுக மானியம் எவ்வளவு என்றும் கேளுங்கள். 65-க்குக் கீழே உள்ள ஓய்வு பெற்றவரும் 30 வயது ஊழியரும் ஒரே பிரீமியம் கட்டினால், இளையவரின் பிரீமியத்தில் ஒரு பகுதி மூத்தவருக்குப் போகிறது. பொறுப்பைக் கணக்கிடும் நிபுணரான ஆக்சுவரி அதையும் அதில் சேர்த்திருப்பார். அதற்கு நகராட்சி தனிக் காசோலை எழுதுவதில்லை. அதைப் பிரித்துப் பார்க்காமல் சலுகையை வெட்ட முடிவெடுத்தால் எதிர்பார்த்த மிச்சம் வராது.

அறக்கட்டளை தொடங்கலாம். கால்பெர்ஸே செர்ப்ட் என்று ஒன்று நடத்துகிறது. பணம் ஒதுக்காதவரை, அரசுக் கணக்கியல் தர வாரியத்தின் காஸ்பி 75 விதிப்படி 20 வருட நகராட்சிப் பத்திர வட்டியில்தான் பொறுப்பைக் கணக்கிட வேண்டும். ஒதுக்கத் திட்டம் வந்தால் 6 விழுக்காட்டுக்குப் பக்கத்தில் வீதம் எடுக்கலாம். 90 மில்லியன் காகிதத்தில் 70-க்குப் பக்கம் இறங்கும். இறங்கியது எண் மட்டுமே. மருத்துவமனை பில் இறங்கவில்லை. நகர மன்றத்தில் அதைச் சேமிப்பு என்று சொன்னால் திருத்துங்கள்.

புதிதாகச் சேருவோருக்கு, பெம்காவிலேயே படிநிலைத் தகுதி உண்டு: 10 வருடப் பணிக்கு நகராட்சி தரும் பிரீமியப் பங்கில் பாதி, பிறகு வருடத்துக்கு 5 விழுக்காடாக ஏறி 20 வருடத்தில் முழுமை. அதைக் கொண்டுவந்த பிறகு சேர்ந்தவர்களுக்கு மட்டுமே செல்லும். பலன் தெரிய இருபது வருடம் ஆகும், ஆனாலும் இன்றே செய்ய வேண்டியது.

---

இளவேனில்:

மூவருக்கும் நன்றி. சிவப்பு வட்டம் போட்டுப் பார்த்தேன், 14 வரியில் 5 வந்தது. பத்திரம் வேண்டாம் என்றால் பணம் எங்கிருந்து எடுப்பது என்று மன்றத்தில் கேட்பார்கள். கால்பெர்ஸை விட்டு வெளியேறினால் என்ன என்று ஒரு உறுப்பினர் ஏற்கெனவே பேசியிருக்கிறார்.

---

பேரேடு:

வெளியேறுவதை முதலில் முடித்துவிடலாம். வெளியேறுகிற நகராட்சியின் பொறுப்பை கால்பெர்ஸ் 6.8-இல் கணக்கிடாது. ஏறக்குறைய அரசு கடன் பத்திர வட்டியில்தான் கணக்கிடும். பொறுப்பு பெருத்துவிடும், முழுவதையும் உடனே கேட்பார்கள். சியரா கவுண்டியில் லாயல்டன் என்ற சிற்றூர் 2013-இல் வெளியேறியது. வந்த பில் 1.66 மில்லியன் டாலர், கட்ட வழியில்லை. அங்கே ஓய்வு பெற்ற நான்கு பேரின் பென்ஷன் சுமார் 60 விழுக்காடு வெட்டப்பட்டது. உங்கள் அறிக்கையிலேயே கற்பனை வெளியேற்றப் பொறுப்பு என்று ஒரு பக்கம் இருக்கும். அதை அந்த உறுப்பினரிடம் நீட்டுங்கள்.

பணத்துக்கு என் வரிசை இது. யு.ஏ.எல். தவணையை மாதாமாதம் கட்டாமல் ஜூலை இறுதிக்குள் மொத்தமாகக் கட்டினால் அரை வருட வட்டி அளவுக்கு, 3 விழுக்காட்டுக்குச் சற்று மேல் கழிவு கிடைக்கும். தவணை 17 மில்லியன் என்று வைத்துக்கொண்டால் அரை மில்லியனுக்கு மேல். ஜூலையில் கையில் ரொக்கம் இருக்கிறதா என்பதுதான் கேள்வி. சொத்து வரி டிசம்பரில்தான் வரும், அதனால் பொருளாளரிடம் ரொக்க ஓட்ட அட்டவணை கேளுங்கள்.

அடுத்து, ஆண்டு உபரியில் பாதி என்பது போல ஒரு எழுத்துபூர்வ விதி. அந்தப் பணத்தைக் கூடுதல் தொகையாகக் குறிப்பிட்ட ஒரு வரியில் போடச் சொல்லலாம். நீண்ட வருடம் மிச்சமிருக்கும் சிவப்பு வரியில் போட்டால் மொத்த வட்டி அதிகம் மிஞ்சும். சீக்கிரம் முடியப்போகும் வரியை அடைத்தால் அடுத்த சில வருட பட்ஜெட் இலகுவாகும். எது தேவை என்று மன்றம் முன்கூட்டியே தீர்மானிக்கட்டும். 'ஃப்ரெஷ் ஸ்டார்ட்' என்று எல்லா வரியையும் ஒன்றாக்கிக் குறுகிய தவணைக்கு மாறவும் முடியும். ஆனால் மாறினால் பழைய அட்டவணைக்குத் திரும்ப முடியாது. வருவாய் ஆட்டம் காணும் ஊருக்கு நான் பரிந்துரைக்க மாட்டேன். தானாக முன்வந்து கூடுதலாகக் கட்டினால் கெட்ட வருடத்தில் நிறுத்திக்கொள்ளலாம்.

---

செங்கோடன்:

இதில் ஒரு இடத்தில் ஐயாவோடு மாறுபடுகிறேன். உபரி முழுவதையும் நேரே கால்பெர்ஸுக்கு அனுப்பாமல் ஒரு பகுதியை வரிச் சட்டத்தின் பிரிவு 115-இன் கீழ் அமையும் அறக்கட்டளையில் வைப்பது நல்லது. வேறு எதற்கும் எடுக்க முடியாது, பென்ஷனுக்கு மட்டும்தான். ஆனால் எந்த வருடம் எடுப்பது என்பது நகராட்சி கையில். 2028-29 படிக்கட்டு உச்சத்துக்கு இது தாங்குகட்டை. டெட்ராய்ட் இதைத்தான் செய்தது: திவாலுக்குப் பிறகு 2024 நிதியாண்டில் பென்ஷன் தவணை மீண்டும் தொடங்கும் என்று தெரிந்து, 2017 முதலே திரும்ப எடுக்க முடியாத நிதி ஒன்றில் சேர்த்து வந்தது.

குறையும் உண்டு. பென்ஷனுக்கான 115 பணம், பென்ஷனுக்குரிய காஸ்பி 68 விதிக் கணக்கில் பற்றாக்குறையைக் குறைக்காது. மருத்துவ அறக்கட்டளைப் பணம் காஸ்பி 75-இல் குறைக்கும். முதலீடும் கவனமாகச் செய்ய வேண்டும். கால்பெர்ஸ் போடுகிற அதே பங்குகளில் போட்டால் இரண்டும் ஒரே நாளில் சரியும், தாங்குகட்டை பயன்படாது.

ஊழியர் பங்கும் பேச்சுவார்த்தைக்கு உரியது. 2013-க்கு முன் சேர்ந்த பழைய உறுப்பினர்களிடம் நார்மல் காஸ்டில் பாதி வரை கேட்கலாம்: பொது ஊழியருக்கு 8 விழுக்காடு, காவல் தீயணைப்புக்கு 12 என்பது உச்சம். 2018 முதல் பேச்சுவார்த்தை முறிந்தால் அதைச் சுமத்தவும் சட்டம் இடம் தருகிறது. ஆனால் அது நார்மல் காஸ்டுக்கு மட்டுமே உதவும். 210 மில்லியனை அது தொடாது. ஊழியர்களிடம் உண்மையாக அப்படியே சொல்ல வேண்டும்.

---

ஆழிமணி:

கருத்துக் கேட்புக்குப் போகும்போது ஒன்று சேர்த்துக்கொள்ளுங்கள். 2023 பிப்ரவரி முதல் பென்ஷன் மதிப்பீட்டு அறிக்கைகளில், ஆபத்து குறைந்த கடன் பத்திரங்களின் வட்டியில் கணக்கிட்டால் பொறுப்பு எவ்வளவு என்ற ஒரு கூடுதல் எண்ணையும் ஆக்சுவரி தர வேண்டும். 6.8-இல் 600 மில்லியன் என்பது அதில் எவ்வளவு என்று பாருங்கள். இரண்டுக்கும் இடைப்பட்ட தொகைதான் சந்தை தரும் என்று நம்பி இன்னும் கட்டாமல் வைத்திருப்பது. ஆலோசகர் இதன் மேல் இன்னும் 150 மில்லியனைக் கடன் வாங்கி வைக்கச் சொல்கிறார். இரண்டு எண்ணையும் ஒரே தாளில் எழுதி, கூட்டத்துக்கு மூன்று நாள் முன்பே நகர எழுத்தரிடம் கொடுங்கள், உறுப்பினர்களின் கோப்பில் சேர்ந்துவிடும். மைக் முன்னால் கிடைக்கும் சில நிமிடத்தில் எண்களை வாசித்து யாருக்கும் புரியவைக்க முடியாது.